எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா, வேண்டாமா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் தரும் கொட்டேஷனின் கீழ்ப்பகுதியில் ஒரு வரி இருக்கும்: எக்ஸ்டெண்டட் வாரண்டி, இத்தனை ஆயிரம். வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், கூட்டலில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அப்போது அதை எடுக்காமல் விட்டவர்களுக்கு, கம்பெனி வாரண்டி முடியும் சமயத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் மேல் போன் வரும். "நாளையோட முடியுது சார், இன்னைக்கே கட்டிடுங்க."

எனக்கு வந்தது இரண்டாவது வகை. விசாரிக்கப் போனால் ஷோரூமில் ஒரு விலை, சர்வீஸ் சென்டரில் வேறு விலை, கஸ்டமர் கேரில் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத இன்னொரு விலை. இதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் "எல்லாமே சார்" என்ற பதில் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தது. அந்த 'எல்லாமே'க்குள் என்ன இருக்கிறது என்று நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியாவில், சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர்களுக்கான கணக்கு இது.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். என் கார் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். அதற்கு எடுத்தேன். தம்பியிடம் இருப்பது சாதாரண பெட்ரோல் மேனுவல் ஹேட்ச்பேக். அதற்கு வேண்டாம் என்றேன். ஒரே வீட்டில் இரண்டு பதில் ஏன் என்பது கீழே வரும்.

1. கொட்டேஷனில் உள்ள நான்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

விற்பனையாளர் 'ஃபுல் கவர்' என்று சொல்லும்போது நான்கு வேறு வேறு சமாச்சாரங்களைக் கலந்து சொல்கிறார்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு ஏதாவது பாகம் தானாகப் பழுதானால் சரிசெய்து தருவது. இடித்துக்கொண்டால் வராது, தண்ணீரில் மூழ்கினால் வராது.

இன்சூரன்ஸ் என்பது விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு. 'பம்பர் டு பம்பர்' என்று விற்கப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தருவது), என்ஜின் புரொடெக்ட் எல்லாம் இன்சூரன்ஸின் கூடுதல் அம்சங்கள். வாரண்டிக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்பது வழியில் கார் நின்றால் வண்டி அனுப்பி இழுத்துப் போவது. வருஷத்துக்கு ஒரு சிறிய தொகை. பல இன்சூரன்ஸ் பாலிசிகளிலேயே இது இருக்கும், இரண்டு முறை காசு கொடுக்க வேண்டாம்.

நான்காவது, முன்பணம் கட்டி வைக்கும் சர்வீஸ் பேக்கேஜ். ஆயில், ஃபில்டர், லேபர் என்று வழக்கமான சர்வீஸ் செலவுக்கு முன்கூட்டியே கட்டும் பணம். பழுது பார்ப்பது இதில் வராது.

சென்னைக்காரர்கள் இந்தப் பிரிவினையைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்திருந்தால், எந்த வாரண்டியும் அதற்கு உதவாது. இன்சூரன்ஸில் என்ஜின் புரொடெக்ட் இருந்தால்தான் பிழைப்பு. தாழ்வான பகுதியில் குடியிருந்து, கையில் இருக்கும் பணத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், யோசிக்காமல் என்ஜின் புரொடெக்ட் எடுங்கள்.

2. கையில் ஏற்கெனவே எவ்வளவு வாரண்டி இருக்கிறது?

இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாருதி 2024 ஜூலை வரை 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் தந்துகொண்டிருந்தது. அப்புறம் 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் ஆக்கியது. அதனால் பழைய மாருதி வைத்திருக்கும் நண்பர் சொல்லும் அறிவுரை உங்கள் புதுக் காருக்குப் பொருந்தாது. டொயோட்டாவிலும் 3 வருஷம், 1,00,000 கிலோமீட்டர். ஹூண்டாய், கியா, ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு 3 வருஷம், கிலோமீட்டர் வரம்பு இல்லை. மின்சாரக் கார் என்றால் பெரிய பேட்டரிக்குத் தனி வாரண்டி உண்டு. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகத் தரப்படுவது. எனவே பேட்டரியைக் காட்டிப் பயமுறுத்தி யாராவது எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்க வந்தால், "பேட்டரிக்குத்தான் தனியா இருக்கே, நீங்க தர்றது எதுக்கு?" என்று கேளுங்கள். மோட்டார், சார்ஜர், மற்ற எலக்ட்ரானிக்ஸ் இதில் வருமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே பலரும் விழும் குழி கிலோமீட்டர் கணக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டியில் எழுதியிருக்கும் கிலோமீட்டர், கார் புதிதாக வந்த நாளிலிருந்து ஓடிய மொத்தக் கிலோமீட்டர். வாரண்டி நீட்டிய பிறகு கூடுதலாகக் கிடைக்கும் தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். வருஷம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதோடு முடிந்தது.

மாருதியின் பேக்கேஜ்களையே எடுத்துக்கொள்வோம். நான்காம் வருஷம் வரை நீட்டினால் 1,20,000 கிலோமீட்டர், ஐந்தாம் வருஷம் வரை 1,40,000, ஆறாம் வருஷம் வரை 1,60,000. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வியாபாரத்துக்காக ஈரோடு, சேலம், மதுரை என்று சுற்றி வருஷம் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 1,40,000 என்பது 4 வருஷம் 8 மாதத்தில் வந்துவிடும். 1,60,000 என்பது 5 வருஷம் 4 மாதத்தில். ஆறாம் வருஷத்துக்கும் சேர்த்துக் காசு கட்டினால் அந்த வருஷத்தில் அவருக்குக் கிடைப்பது நான்கே மாதம். மாறாக, சென்னையில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் போய்வந்து வருஷம் 9,000 ஓட்டுகிறவருக்கு ஆறு வருஷம் ஆனாலும் 54,000 தாண்டாது. அவருக்கு கிலோமீட்டர் வரம்பு ஒரு பொருட்டே இல்லை, வருஷம்தான் கணக்கு.

உங்கள் ஓடோமீட்டரைப் பாருங்கள், வாங்கிய மாதங்களால் வகுங்கள், 12-ஆல் பெருக்குங்கள். அந்த எண் தெரியாமல் எந்தப் பேக்கேஜையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

3. பணக் கணக்கு

விலை காரைப் பொறுத்தது. நான் விசாரித்த வகையில், இரண்டு வருஷம் நீட்டிக்கச் சின்ன ஹேட்ச்பேக்குக்கு ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். டர்போ, டீசல், ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி. என்றால் 25,000-இல் தொடங்கி 50,000 வரை போகிறது. விலை சொல்லும்போது 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும் விலை பல நேரம் வரி இல்லாத விலை.

இந்தப் பக்கம் செலவு. அந்தப் பக்கம், வாரண்டி இல்லாவிட்டால் கைக்காசு போகக்கூடிய பாகங்கள். ஏசி கம்ப்ரசர் 20,000 முதல் 35,000 வரை ஆகும். பவர் ஸ்டியரிங் ரேக், டச் ஸ்கிரீன், இ.சி.எம். எனப்படும் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி இவையெல்லாம் 30,000-க்கு மேல், மாடலைப் பொறுத்து எங்கேயோ போகும். டர்போ 50,000-ஐத் தாண்டலாம். இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்கான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்காட்ரானிக்ஸ் பகுதி போனால் லட்சத்துக்கு மேல்தான் பேச்சு. இவை தோராயம். உங்கள் மாடலுக்கான விலையைச் சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் கேட்டால் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள். சர்வீஸுக்கு வண்டியை வாங்கிக்கொள்ளும் அட்வைசரிடம் கேட்பதைவிட அங்கே கேட்பது மேல், கவுன்டரில் இருப்பவர்களுக்கு வாரண்டி விற்கும் வேலை இல்லை.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. 15,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 60,000 ரூபாய் பழுது ஒன்று வந்தால் நல்ல லாபம்தான். ஆனால் கட்டிய பணத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றால், உங்களைப் போன்ற நான்கு பேரில் ஒருவருக்காவது அந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பழுது வர வேண்டும். தம்பியின் கார் மாதிரி டர்போ இல்லாத பெட்ரோல், மேனுவல் கியர், நாலாம் வருஷம், அஞ்சாம் வருஷம். அதில் நாலுக்கு ஒன்று 60,000 ரூபாய் பழுது வரும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். அதே கணக்கை இரட்டை கிளட்ச் காருக்குப் போடுங்கள். 35,000 கட்டி, வரக்கூடிய பழுது 1,50,000 என்றால், நூறு காரில் 23-24 காருக்கு வந்தால் சரிக்குச் சரி. இந்த வகை கியர்பாக்ஸில் அந்த அளவு வராமலும் போகலாம். ஆனால் வந்தால் ஒரே அடியில் ஒன்றரை லட்சத்தைப் புரட்ட வேண்டும். அது உங்களால் முடியுமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, உங்கள் வீட்டு நிலவரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாதச் சம்பளத்தில் பிள்ளைகள் ஃபீஸ், வீட்டுக் கடன் எல்லாம் போக மிச்சம் குறைவு என்றால், இந்த 35,000 நியாயமான செலவு என்றே எண்ணுகிறேன்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. ஆன்-ரோடு விலையில் சேர்த்து மொத்தத்துக்கும் லோன் போட்டுவிட்டால், வாரண்டிக்கும் வட்டி கட்டுகிறீர்கள். 30,000 ரூபாயை 9.5% வட்டிக்கு 7 வருஷத் தவணையில் சேர்த்தால், கடைசியில் கட்டியிருப்பது சுமார் 41,000. அதுவும் முதல் மூன்று வருஷம் கம்பெனி வாரண்டியே ஓடிக்கொண்டிருக்கும், எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு வேலையே இருக்காது.

4. சரி, யார் எடுக்கலாம், யார் விடலாம்?

என் கருத்து இது. எடுங்கள்: டர்போ பெட்ரோல், டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள புதிய டீசல், இரட்டை கிளட்ச் அல்லது சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், சன்ரூஃப், கேமரா, ரேடார் என்று எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த மேல் வேரியண்ட், ஸ்பேர் விலை அதிகமான ஐரோப்பியக் கம்பெனி கார், மார்க்கெட்டுக்குப் புதிதாக வந்த மாடலின் முதல் வருஷ வண்டி.

விடுங்கள்: மூன்று, நான்கு வருஷத்தில் காரை மாற்றும் பழக்கம் உள்ளவர், சாதாரண பெட்ரோல் மேனுவல் கார் வைத்திருப்பவர், மூன்று வருஷத்துக்கு மேல் கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கமே போகப் போவதில்லை என்று முடிவு செய்தவர். கடைசி ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. தெரிந்த மெக்கானிக்கிடம் 3,000 ரூபாயில் முடியும் சர்வீஸுக்கு கம்பெனியில் 7,000, 8,000 ஆகிறது என்றால், வாரண்டியைக் காப்பாற்ற இரண்டு வருஷத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 8,000, 10,000 ரூபாயும் வாரண்டியின் விலையோடு சேர்ந்ததுதான். பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நடுவில் இருப்பவர்கள், உதாரணத்துக்கு ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் எளிய ஆட்டோமேட்டிக்) கியர் உள்ள சின்னக் கார்க்காரர்கள், ஒரே ஒரு வருஷ நீட்டிப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆறு, ஏழு வருஷப் பேக்கேஜ்தான் எப்போதும் முன்னால் வைக்கப்படும். சின்னதும் இருக்கும்.

5. வாரண்டி தருவது யார்?

மூன்று வகை உண்டு. கார் தயாரித்த கம்பெனியே தருவது, டீலர் தன் பெயரில் தருவது, வெளி நிறுவனம் ஒன்று தருவதை டீலர் விற்பது. முதல் வகை மட்டும் நாடு முழுக்க அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் செல்லும். டீலர் வாரண்டியை அந்த டீலரிடம்தான் பயன்படுத்த முடியும், திருச்சியில் வாங்கிவிட்டு பெங்களூருக்கு மாறிப் போனால் காகிதம் மட்டும்தான் மிச்சம். வெளி நிறுவனத்தினுடையதில் ஒவ்வொரு கிளெய்முக்கும் இவ்வளவுதான், மொத்தமாக இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். பழைய கார் விற்கும் நிறுவனங்கள் தருவதும் பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

மூன்றும் ஷோரூமில் ஒரே மாதிரி மடித்த பளபளப்பான அட்டையில் வரும். சர்டிபிகேட்டில் 'வழங்குபவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கார் கம்பெனியின் முழுப் பதிவுப் பெயர் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

6. 'எல்லாமே சார்' என்பதில் வராதவை

நிபந்தனைத் தாளைக் கேளுங்கள். தர முடியாது என்றால் வாங்காதீர்கள். அதில் தலைப்பிலிருந்து படிக்கத் தேவையில்லை, 'அடங்காதவை' என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

தேயும் பொருட்கள் வராது: பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்ப், ஃபில்டர், ரப்பர் புஷ். டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி, தனி வழி. பெயின்ட், சீட் துணி, உள்ளே கடகடவென்று வரும் பிளாஸ்டிக் சத்தம் இவற்றையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பழுதான பாகத்தை இலவசமாக மாற்றினாலும் ஏசி கேஸ், கூலன்ட், ஆயில் இவற்றுக்குப் பில் வரலாம், முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

எலி கடித்த ஒயர் வராது. இது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. என்ஜின் வார்னிங் லைட்டோ, சூடேறும் முள்ளோ சிவப்பில் இருக்கும்போது "வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஓட்டிப் போய் அதனால் பெரிய சேதமானால் வராது. வெளியே போட்ட சி.என்.ஜி. கிட், வாடகைக்கு ஓட்டியது, கம்பெனி சொல்லாத எரிபொருள், இவையும் அப்படியே. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விஷயத்தில் உங்கள் காரின் கையேட்டிலோ பெட்ரோல் டேங்க் மூடியிலோ என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது அக்சஸரியில். வெளியே கார் டெக்கர் கடையில் பெரிய ஸ்கிரீனோ, எல்.இ.டி. ஹெட்லைட்டோ, ரிவர்ஸ் கேமராவோ போடும்போது ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். பின்னால் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும், சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டைக் கழற்றியதும் அந்த டேப்பைப் போட்டோ எடுப்பார்கள். கிளெய்ம் அங்கேயே முடிந்தது. கட்டாயம் போட வேண்டும் என்றால், ஒயரை வெட்டாமல் கப்ளரில் செருகும் வகை மட்டும் போடுங்கள், பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. எப்போது வாங்குவது, எப்படிப் பேசுவது

பல கம்பெனிகளில் கம்பெனி வாரண்டி முடியும் நாள் வரை எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாம். ஆனால் விலை படிப்படியாக ஏறும். டெலிவரியோடு வாங்கினால் ஒன்று, முதல் வருஷத்துக்குள் ஒன்று, அதற்கப்புறம் ஒன்று. கடைசிக் கட்டத்தில் காரை லிஃப்ட்டில் ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் தருகிறோம் என்றும் சொல்வார்கள். எனவே கார் எடுக்கும் அன்று கேட்க வேண்டியது இந்த ஏணியின் விலைப் பட்டியலைத்தான். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம்தான் என்றால் காத்திருங்கள். அதற்குள் கார் எப்படி இருக்கிறது என்றும், நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்றும் தெரிந்துவிடும். வித்தியாசம் பாதிக்குப் பாதி என்றால் முதலிலேயே எடுப்பது லாபம்.

வாரண்டி முடிந்த தேதிக்கு மறுநாள் போனால் கதை வேறு. ஹோண்டா மாதிரி முடிந்த பிறகும் வாங்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் அதை நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள். மூன்று வருஷ வாரண்டி என்றால், கார் வாங்கிய 34-ஆம் மாதத்துக்கு போனில் ஒரு நினைவூட்டல் போடுங்கள்.

பேரம் பேச முடியுமா? தாராளமாக. புதுக் கார் எடுக்கும்போது ஃப்ளோர் மேட், சீட் கவர், மட் ஃப்ளாப் அடங்கிய 'அக்சஸரி கிட்' இலவசம் என்பார்கள். அதற்குப் பதிலாக எக்ஸ்டெண்டட் வாரண்டி கொடுங்கள் என்று கேளுங்கள். சீட் கவர் வெளியே எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மாதக் கடைசி, மார்ச் கடைசி, டிசம்பரில் பழைய வருஷ ஸ்டாக் தள்ளும் நேரம், இப்போதெல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள்.

"இதை எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. எழுத்தில் தர எவரும் முன்வர மாட்டார்கள், பேச்சும் அதோடு நின்றுவிடும்.

8. பணம் கட்டியதும் கையில் வாங்க வேண்டியவை

- ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில். வெறும் ரசீது போதாது.
- சர்டிபிகேட். அதில் சேஸிஸ் எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, முடியும் கிலோமீட்டர். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கிளெய்ம் அன்று உங்கள் கார் சிஸ்டத்தில் இருக்காது.
- முழு நிபந்தனைத் தாள்.

இரண்டு வாரம் கழித்து கம்பெனியின் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ உங்கள் வாரண்டி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டீலர் பணம் வாங்கிவிட்டுக் கம்பெனியில் பதியாமல் விடுவது நடக்கிற கதை. அது மூன்று வருஷம் கழித்துத் தெரியவந்தால் அன்றைக்கு விற்ற ஆள் அங்கே வேலையில் இருக்க மாட்டார்.

9. வாரண்டி செத்துவிடாமல் பார்த்துக்கொள்வது

சர்வீஸ் இடைவெளியைத் தவறவிடாதீர்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்பது பரவலான கணக்கு. குறைவாக ஓட்டுகிறவர்கள் "இன்னும் 4,000 கூட ஓடலியே" என்று வருஷத்தைத் தாண்டிவிடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வது. சில நாள் சலுகை உண்டு, எத்தனை நாள் என்பது நிபந்தனைத் தாளில் இருக்கும்.

வெளியே சர்வீஸ் விட்டாலே வாரண்டி மொத்தமாகப் போய்விடும் என்று நிபந்தனை போடக்கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் சொன்னது. அது மேல்முறையீட்டுக்கும் போனது. அந்த உத்தரவைக் காட்டி சர்வீஸ் கவுன்டரில் ஜெயிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் காசு கட்டியவர் கம்பெனியிலேயே சர்வீஸ் விடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

10. கிளெய்ம்: ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

இதில்தான் பெரும்பாலான கிளெய்ம்கள் நிற்பதும் விழுவதும். காரை விடும்போது நம் புகார்களை அட்வைசர் பதியும் வேலைச் சீட்டுதான் ஜாப் கார்டு, அவர் டேப்லெட்டில் தட்டுவதை எட்டிப் பாருங்கள். நான் போனபோது, முன்பக்கச் சத்தத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்ன பிறகும் 'ஜெனரல் செக்கப்' என்றுதான் தட்டினார். அதை மாற்றச் சொல்லி, 'ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன் இடது சக்கரத்தில் டொக் டொக் சத்தம், காலையில் முதல் ஓட்டத்தில் அதிகம்' என்று எழுத வைத்தேன். அப்புறம் டெக்னீஷியனை வண்டியில் ஏற்றி, சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏற்றி இறக்கிக் காட்டினேன். அவருக்குக் கேட்டதும் 'சத்தம் உறுதி' என்று கார்டில் சேர்த்தார். பாகம் ஸ்டாக் இல்லை. அது வருவதற்குள் கம்பெனி வாரண்டி தேதி தாண்டிவிட்டது. ஆனாலும் காசு வாங்காமல் மாற்றினார்கள், புகார் பதிவான தேதி வாரண்டிக்குள் இருந்ததுதான் காரணம். 'ஜெனரல் செக்கப்' என்றே இருந்திருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

எனவே வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, எக்ஸ்டெண்டட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், காரைக் கொண்டுபோய் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஆயில் கசிவு, ஸ்டியரிங் சத்தம், சஸ்பென்ஷன், ஏசி குளிர்ச்சி, என்ஜின் மவுன்ட், எல்லா ஜன்னல், எல்லா ஸ்விட்ச். கண்டுபிடித்ததை எல்லாம் ஜாப் கார்டில் ஏற்றுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் பாதி வாரண்டி.

பெரிய பாகம் என்றால் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பார்கள். சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகலாம். அதுவரை கார் அங்கே நிற்கும், மாற்றுக் கார் எதிர்பார்க்காதீர்கள். "வாரண்டியில் வராது" என்று சொன்னால், எந்த நிபந்தனைப்படி வராது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். டீலரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல், அதே மின்னஞ்சலைக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் அனுப்புங்கள். ஜாப் கார்டு, சர்வீஸ் பில்கள், சர்டிபிகேட், சத்தத்தையோ வார்னிங் லைட்டையோ பிடித்த வீடியோ, நான்கையும் இணையுங்கள். டீலர் மறுத்த சிலது கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்து பார்த்ததும் அனுமதி ஆவதுண்டு.

அதுவும் நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவானதுமே சில கம்பெனிகள் கூப்பிட்டுப் பேசும். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

11. காரை விற்றால்

கார் கம்பெனியே தந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த உரிமையாளருக்கு மாற்றலாம். ஆர்.சி. பெயர் மாறியதும் குறிப்பிட்ட நாட்களுக்குள் சர்வீஸ் சென்டரில் விண்ணப்பம், சிறிய கட்டணம். மீதி வாரண்டியைக் காட்டி விலையில் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம். நேரடியாகத் தனி நபருக்கு விற்கும்போது இது எடுபடும். பழைய கார் வாங்கும் கடைக்காரர் இதற்குத் தனியாக ஒரு ரூபாய் ஏற்றித் தர மாட்டார்.

நீட்டித்த காலம் தொடங்குவதற்கு முன்பே கார் திருட்டுப் போனாலோ, விபத்தில் டோட்டல் லாஸ் ஆனாலோ, கட்டிய பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் விதி சில கம்பெனிகளின் நிபந்தனையில் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். இன்சூரன்ஸ் செட்டில்மென்ட் கடிதத்தின் நகல், வாரண்டி பில், சர்டிபிகேட், வங்கிக் கணக்குக்கான ரத்து செய்த காசோலை, இவற்றோடு வாங்கிய டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.